ஃபயர்வால் கிராஷ் ஆனா எதை செக் பண்ணணும்?

விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஃபயர்வால் (நெட்டு வழியா வர்ற, போற டேட்டால வேண்டாததைத் தடுக்குற சாஃப்ட்வேர்) கிராஷ் ஆச்சுன்னு மெசேஜ் வந்தா பாதி பேரு குளோஸ் பண்ணிட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்க, நெட்டுதான் ஓடுதேன்னு. நெட்டு ஓடுறதை வச்சு ஃபயர்வால் உயிரோட இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, அது செத்தாலும் நெட்டு பாட்டுக்கு ஓடும்.

எது விழுந்துச்சுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. கடிகாரம் பக்கத்துல இருக்கிற ஐகான் மட்டும் போச்சுன்னா பெரிய பயம் இல்ல, பாக்கெட்டை (நெட்டுல போற டேட்டா துண்டு) நிஜமா தடுக்குறது அடியில ஓடுற சர்வீஸும் (பின்னணியில ஓடுற புரோகிராம்) டிரைவரும் (விண்டோஸோட உள்பகுதியில ஓடுற புரோகிராம்) தான். சர்வீஸ் விழுந்தாதான் வில்லங்கம். விண்டோஸ்ல ஃபில்டரை (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கிற ரூல்) ரெண்டு விதமா போடலாம், சர்வீஸ் போனாலும் அப்படியே நிக்கிற மாதிரி ஒண்ணு, சர்வீஸ் செத்ததுமே கூடவே அழிஞ்சிடுற மாதிரி இன்னொண்ணு, உங்க சாஃப்ட்வேர் ரெண்டாவது ரகம்னா அந்த நொடியே ரூல் எல்லாம் காலி. டிரைவரே விழுந்தா நீங்க தேடவே வேணாம், நீலத்திரை வந்து அதுவே சொல்லிடும்.

அதனால மொதல்ல வைஃபைய ஆஃப் பண்ணுங்க, கேபிள்னா புடுங்குங்க. வீட்டு ரூட்டருக்குப் பின்னாடி இருந்தா வெளியில இருந்து நேரா உள்ள வர்றது கஷ்டம்தான், ஆனா அதே நெட்வொர்க்ல இருக்கிற இன்னொரு மெஷினை ரூட்டர் தடுக்காது, பொது வைஃபைன்னா கேக்கவே வேணாம். 2017ல வான்னாக்ரைங்கிற, ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்குற மால்வேர் மெஷின் விட்டு மெஷின் தாவுனது 445ங்கிற ஃபைல் ஷேரிங் போர்ட் வழியாத்தான்.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியத் திறந்து ஃபயர்வால் பக்கத்துல டொமைன், பிரைவேட், பப்ளிக் (ஆபீஸ், வீடு, பொது இடம்னு நெட்வொர்க் வகைக்கு ஒரு செட்டிங்) மூணும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. வேற கம்பெனி ஃபயர்வால் போட்டிருந்தா விண்டோஸோடது பெரும்பாலும் ஒதுங்கி நிக்கும், அது கிராஷ் ஆனதும் இது தானா வந்து காப்பாத்தும்னு நம்பி உக்காராதீங்க. சர்வீசஸ்ங்கிற விண்டோஸ் லிஸ்ட்ல பேஸ் ஃபில்டரிங் இன்ஜின் (ஃபில்டரை எல்லாம் நடத்துற சர்வீஸ்) ரன்னிங்ல இருக்கணும், அது நின்னுபோனா விண்டோஸ் ஃபயர்வால் ஸ்டார்ட்டே ஆகாது, ஃபயர்வாலை எத்தனை தடவை ரீஸ்டார்ட் அடிச்சாலும் வேஸ்ட்.

காரணம் தெரியணும்னா ஈவென்ட் வியூவர், விண்டோஸ் நடந்ததைக் குறிச்சு வைக்கிற லாக்கைக் காட்டுற டூல். சிஸ்டம் லாக்ல 7031 இல்லன்னா 7034ங்கிற ஈவென்ட் நம்பரைத் தேடுங்க, எந்த சர்வீஸ் எத்தனை மணிக்கு விழுந்துச்சுன்னு இருக்கும். அப்ளிகேஷன் லாக்ல அதே நேரத்துக்கு 1000ம் நம்பர் இருந்தா அதைத் திறந்து ஃபால்டிங் மாட்யூல்ங்கிற வரியப் பாருங்க (எந்த ஃபைல்ல கிராஷ் ஆச்சுன்னு சொல்றது), அங்க இன்னொரு ஆன்டிவைரஸோட ஃபைல் பேரு இருந்தா ரெண்டும் முட்டிக்குதுன்னு சந்தேகப்படலாம், ஒண்ணைத் தூக்குங்க (ரெண்டு ஃபயர்வால் போட்டா டபுள் பாதுகாப்புன்னு யாரு கிளப்பி விட்டாங்களோ). அப்படி ஒண்ணும் இல்லன்னா அப்டேட் பண்ணிப் பாருங்க, கடைசியாத்தான் ரீசெட், அதுவும் நீங்க போட்ட ரூலை எல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கிட்டு, ஏன்னா ரீசெட் அடிச்சா அத்தனையும் போயிடும்.

ஸ்டார்ட் பண்ண பண்ண யாரோ நிறுத்துற மாதிரி இருந்தா அது கிராஷ் இல்லாமலும் இருக்கலாம், மால்வேர் உள்ள வந்ததும் ஃபயர்வாலை நிறுத்தப் பாக்குறது சகஜம். விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கு, அதை ஓட்டி முடிச்சிட்டு அப்புறம் கேபிளை சொருகுங்க.