விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது டிடிபி கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளில் உழைக்கும் பழைய கணினிகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. அதற்காக நல்ல மிஷினை எடைக்குப் போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். லினக்ஸ் கஷ்டம் என்று பயப்படவும் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக அதில்தான் படிக்கிறார்கள். மாறும் விதத்தில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது. லினக்ஸில் வேர்டு வேலைக்கு லிப்ரே ஆபிஸ், போட்டோ வேலைக்கு ஜிம்ப், டிசைன் வரைய இங்க்ஸ்கேப். இவை எல்லாமே விண்டோஸிலும் ஓடும். முதலில் அங்கேயே அவற்றைப் போட்டு, தினசரி வேலையை அதில் செய்து பழகுங்கள். கை பழகிய பிறகு லினக்ஸுக்குப் போனால் மாறுவது மேசை மட்டும்தான், வேலை மாறாது. ஃபோட்டோஷாப்பில் இருந்த ஒவ்வொரு பட்டனையும் ஜிம்பில் தேடாதீர்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவது, பின்னணி மாற்றுவது என்று உங்கள் கடையில் தினமும் நடக்கும் வேலைகளை மட்டும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்தது தமிழ்க் கோப்புகள். நம் ஊர்க் கடைகளுக்கு இதுதான் உயிர்நாடி. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா அழைப்பிதழ் எனப் பல வருட வேலை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துரு போட்டால் சரியாகிவிடும். விண்டோஸை விடுவதற்கு முன்பே மூன்று வேலை முடியுங்கள்: எழுத்துருக்களைத் தனி ஃபோல்டரில் காப்பி எடுங்கள், பேஜ்மேக்கர், கோரல்டிரா கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் பிடிஎஃப் போட்டு வையுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும் வாசகங்களை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒருமுறை பிழை பாருங்கள். அப்படி மாற்றித் தரும் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

யூனிகோடில் உள்ள வேர்ட் கோப்பும் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். லதா எழுத்துரு விண்டோஸோடு வருவது. லினக்ஸில் அதற்குப் பதில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் ஒரு பக்க மனு ஒன்றரைப் பக்கம் ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் போடக்கூடிய எழுத்துருவுக்கு மாறுவது நல்லது. டைப்பிங்குக்கு, விண்டோஸில் தமிழ் அடிக்க உதவிய என்எச்எம் ரைட்டரை இங்கே தேடாதீர்கள். லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் மென்பொருளில் எம்17என் என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

பிரிண்டரை மறப்பதும் வழக்கமான தவறு. கடைகளில் அதிகம் காணும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் படுத்தும். பென்டிரைவில் இருந்தே லினக்ஸை ஓட்டி, பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை மூன்றையும் சோதித்த பிறகு முடிவெடுங்கள். டேலி விண்டோஸுக்கானது, கணக்கு அதில் இருந்தால் ஒரு கணினியை விண்டோஸிலேயே விடுங்கள். ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அவை லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள்.

கல்யாண சீசனிலும் கிறிஸ்துமஸ் வேலை குவியும் டிசம்பரிலும் இதைத் தொடவே தொடாதீர்கள். வேலை குறைந்த வாரத்தில், பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸ் போடுங்கள். அவசர ஆர்டர் வந்து எங்காவது முட்டினால் பழையதை மாட்டி வேலையை முடித்துக் கொடுத்துவிடலாம்.