காய்ந்த ஓடையில் முளை அடிக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் கேபிளுக்குத் தடம் பார்க்கிற சர்வேயர் நான். ஒவ்வொரு மே மாதமும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் அன்று செய்த தவறுகளையே செய்கிறார்கள். மட்டம் பார்க்காமல் கருவியை வைப்பது போன்றவை ஒரு வாரத்தில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே பருவத்தைப் பார்த்துத் தடம் குறிப்பது

இதை மட்டும் இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. முதல் வருடம், ஜூலையில், கேத்தரின் ஊருக்குத் தெற்கே ஓர் ஓடை. முழுக்கப் புழுதி. குறுக்கே நேராக முளை அடித்துவிட்டு வந்தேன். பிப்ரவரியில், இங்கே மழைக்காலத்தில், போனால் அக்கரையே தெரியவில்லை. தடத்தை மேட்டுக்கு மாற்றினோம். ஒரு பருவத்து உழைப்பு வீண். அடையாளம் அங்கேயே இருந்தது: தலைக்கு மேலே மரக்கவட்டில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சேறோடு சிக்கிக் கிடந்தன. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் தந்தி லைன் போட்டவர்களுக்கும் இதே அடிதான். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் டாட் பெரும்பாலும் நம்பியது 1862-ல் நாடாய்வுப் பயணி ஸ்டூவர்ட் போய்வந்த வழியை. ஸ்டூவர்ட் வட கடற்கரையைத் தொட்டது ஜூலையில், மழையே இல்லாத மாதத்தில். 1870 செப்டம்பரில் டார்வினில் முதல் கம்பம் நட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது, 1871 மே மாதம் வடபகுதி ஒப்பந்தமே ரத்தானது. அடுத்த மழைக்காலத்திலும் அதே பாடு. 1871-க்குள் முடிந்திருக்க வேண்டிய லைன் 1872 ஆகஸ்ட் 22-ல்தான் இணைந்தது.

முதலில் மரத்தைப் பாருங்கள். அப்புறம் மாட்டுப் பண்ணை ஆட்களையும் அந்த மண்ணின் பூர்வகுடிகளையும் கேளுங்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று கைகாட்டுவார்கள்.

மேப்பில் நேர்கோடு இழுப்பது

வேண்டவே வேண்டாம்.

கண்ட தண்ணீரை ஊற்று என்று எழுதுவது

1871 மார்ச்சில் சர்வேயர் மில்ஸ் ஒரு நீர்நிலையைக் கண்டு, டாடின் மனைவி பெயரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்றார். அது ஊற்றே இல்லை. ஆற்றுப்படுகையில் பாறை தாங்கி நிறுத்திய தண்ணீர். சில வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மரத்தைக் கணக்கில் சேர்க்காதது

அந்த லைனுக்குச் சுமார் 36,000 கம்பங்கள் தேவைப்பட்டன. மரமில்லாத வெளிகளுக்கு வண்டியில் நெடுந்தூரம் இழுத்தார்கள். வடக்கே நட்டவற்றைக் கரையான் அரித்தது. பிறகு இரும்புக் கம்பங்கள் வந்தன. வழியில் கரையான் புற்று தென்பட்டால் ஃபீல்டு புக்கில் குறித்துவிடுங்கள்.