செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பது எப்படி: முழு இருதயத்தோடு சீஷராக விரும்புவோருக்கு

திரளான ஜனங்கள் தம்முடன் வந்துகொண்டிருந்த வேளையில்தான் இயேசு திரும்பிப் பார்த்து, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்றும், பதினாயிரம் பேரை வைத்திருக்கும் ராஜா இருபதினாயிரம் பேரோடு வருகிறவனை எதிர்கொள்ளக் கூடுமா என்று ஆலோசிக்கவேண்டும் என்றும் சொன்னார் (லூக்கா 14). கூட்டம் பெருகும்போது கூட்டத்தைக் கலைக்கக்கூடிய பேச்சு அது. நம்முடைய கன்வென்ஷன் பந்தல்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பாடல் உச்சத்தை எட்டும் நேரத்தில் கையை உயர்த்தச் சொல்லி அர்ப்பணிப்பு வாங்கிவிடுகிறோம். கை உயர்த்தியவரும் எதை அர்ப்பணித்தோம் என்று தெரியாமலேயே கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். ஆகவே முதல் வேலை, இந்தக் கணக்கைக் கூட்டத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவதுதான். பரபரப்பில்லாத ஒரு சாதாரண நாளில், கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

“எல்லாம் உமக்கே” என்று மட்டும் அதில் எழுதாதீர்கள். அது பாட்டுக்குப் பொருந்தும், கணக்குக்கு உதவாது. சகேயு தன் வீட்டில் எழுந்து நின்று பேசியபோது அளவைச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பது. அதுபோலவே சம்பளம், நகை, நிலம், கடன், மாலை நேரம், கையிலிருக்கும் போன், பிள்ளைகளைப் பற்றிய திட்டங்கள், ஊரில் இருக்கும் நல்ல பெயர் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் கிறிஸ்துவின் வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தால் எது குறையும் என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு தலைப்பை எழுதாமல் விட்டுவிடலாமே என்று தோன்றினால், அந்தத் தலைப்பிலிருந்தே தொடங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, தசமபாகம் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பது பங்கைப் பற்றிக் கேள்வி இல்லை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மனை வாங்கும்போது என்ன செய்கிறோம் என்பதைப் பாருங்கள். பத்திரத்தில் உண்மை விலைக்குப் பதிலாக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை எழுதி, மீதித் தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனையில் போதகரை வைத்து ஜெபித்து அஸ்திவாரக் கல் நாட்டுகிறோம். முழுத் தொகையையும் எழுதினால் முத்திரைத் தீர்வை கூடும். விற்பவர் சம்மதிக்காமல் மனையே கைநழுவவும் கூடும். அந்த இரண்டையும் ரூபாயில் எழுதிப் பாருங்கள். சீஷத்துவத்தின் செலவு என்பது அநேகருக்கு இப்படிப்பட்ட ஒரு தொகைதான். இரத்தசாட்சியாக மரிப்பதைப் பற்றி உருக்கமாகப் பேசுகிற நமக்கு அந்தத் தொகையைக் கட்டுவது அதைவிடக் கடினமாக இருக்கிறது. அர்வனாவின் களத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்ள மறுத்து, அதையும் மாடுகளையும் ஐம்பது சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய பிறகே தாவீது பலி செலுத்தினான் (2 சாமுவேல் 24).

திருமணம் என்ற தலைப்பை இன்னும் பொறுமையோடு எழுதவேண்டும். பெண் பார்க்க வந்து, ஜெபித்து, காப்பி குடித்தபின், மாப்பிள்ளையின் தாய்மாமன் சற்றே முன்னால் சாய்ந்து, “நாங்க எதுவும் கேட்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதைப் போடுங்க” என்று சொல்லுவார். அது கேள்வி என்பதும், அதற்கு எத்தனை பவுன் என்று பதில் சொல்லவேண்டும் என்பதும் அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பையனைப் பெற்றவராக நீங்கள் அங்கே இருந்தால், “எங்களுக்கு எதுவும் வேண்டாம், கொடுத்தாலும் வாங்கமாட்டோம்” என்று முந்திக்கொண்டு சொல்வதே செய்யவேண்டிய காரியம். இதை முன்கூட்டியே மனைவியோடும் மாமன்மாரோடும் பேசி முடித்திருக்கவேண்டும். அந்த இடத்தில் வைத்து முதல்முறையாகச் சொன்னால் யாரும் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்கள். உறவினர் சிலர் கல்யாணத்துக்கு வராமலும் போகலாம். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

சாதி என்ற தலைப்பைத் தமிழ்ச் சபைகள் நெடுங்காலமாக எழுதாமலே விட்டிருக்கின்றன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூர்ப் பகுதியில் அநேகர் சபையை விட்டு வெளியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக வேதம் வாசித்தவர்கள் அவர்கள். கேட்கப்பட்ட விலையை மட்டும் கொடுக்க இயலவில்லை. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனித்தனிப் பகுதி உண்டு. இதே தலைப்பில் வேறொரு பக்கமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்களும், பின்னர் 1956இல் சேர்க்கப்பட்ட சீக்கியர்களும், 1990இல் சேர்க்கப்பட்ட பௌத்தர்களுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். ஞானஸ்நானம் பெறும் ஆதிதிராவிடர் அந்தச் சான்றிதழுக்கான உரிமையை இழந்து, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பில் வைக்கப்படுகிறார். பிள்ளையின் கல்லூரி இடம், அரசு வேலை, உதவித்தொகை என்று இழப்பு நீளும். ஞானஸ்நான ஆயத்த வகுப்பு நடத்தும் போதகர்கள் இதை மறைக்காமல் முதல் வாரத்திலேயே சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையைச் சொல்லாமல் சீஷரைச் சேர்ப்பது நம் ஆண்டவர் செய்த காரியம் அல்ல.

இந்தக் கணக்கு நேர்மையானதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு வரியின் எதிரிலும், இதை உண்மையில் கட்டப்போவது யார் என்று எழுதுங்கள். ஊழிய அழைப்பு என்று சொல்லி ஒரே வாரத்தில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, வீட்டுக் கடனையும் மாமனாரின் மருந்துச் செலவையும் மனைவியின் சம்பளத்தின்மேல் ஏற்றிவிடுகிறவர்களை எல்லாச் சபைகளிலும் பார்க்கலாம். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டியதைக் “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கடிந்துகொண்டார் (மாற்கு 7). எலிசா எலியா தீர்க்கதரிசியைப் பின்பற்றப் போகுமுன் வீட்டாரிடம் விடைபெற்று, தன் ஏர்மாடுகளை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கிச் சமைத்து ஜனங்களுக்குப் பரிமாறினான். எரிந்தது அவனுடைய ஏர். ஆகவே முழுநேர ஊழியத்துக்குப் போக விரும்புகிறவர், கடன்களை அடைக்கவும் பெற்றோருக்கு ஏற்பாடு செய்யவும் வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளட்டும். மனைவியின் சம்மதம் மௌனமாக இருந்தால் அது சம்மதம் அல்ல.

கணக்கு முடிந்தபின், முழுவதையும் ஒரே நாளில் கட்ட முயலவேண்டாம். சிலுவையை “அனுதினமும்” எடுத்துக்கொள்ளச் சொன்னதை லூக்கா (9:23) பதிவு செய்திருக்கிறார். நோட்டிலிருந்து ஒரு வரியைத் தெரிந்துகொண்டு, அதை இந்த மாதத்துக்குள் செய்யுங்கள்: திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒரு தொகை, கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பு, அணைத்து வைக்கவேண்டிய ஒரு போன். கொடுப்பதையும் ஜெபிப்பதையும் உபவாசிப்பதையும் அந்தரங்கத்தில் செய்யச் சொன்ன மத்தேயு 6ஐ நினைவில் வைத்து, அதைச் சாட்சியாகச் சொல்லும் ஆசையைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நோட்டை ஒருவருக்கு மட்டும் காட்டலாம். உங்களைப் புகழாதவராக அவர் இருக்கட்டும்.

பலனைப் பற்றிப் பேசும்போதுதான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். ஆயிரம் விதைத்தால் இலட்சம் அறுக்கலாம் என்று தொலைக்காட்சியில் வங்கிக் கணக்கு எண்ணோடு பிரசங்கிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் வசனம் மாற்கு 10:30. அதை முழுவதும் வாசியுங்கள். “நூறத்தனையாக” என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே “துன்பங்களோடேகூட” என்றும் இருக்கிறது. இயேசுவுக்காக வீட்டையும் உறவையும் விட்டவனுக்குக் கிடைக்கும் என்று சொல்லப்பட்டவை வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள். ஒருவனுக்கு நூறு தாய்கள் எப்படிக் கிடைப்பார்கள்? மற்ற விசுவாசிகளின் வீட்டுக் கதவுகள் அவனுக்குத் திறந்தால்தான் கிடைப்பார்கள். ஆகவே ஒருவருடைய பலன் இன்னொருவருடைய செலவாக இருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் அசரியா, 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டுவிட்டுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு மிஷனரியாகப் போனபோது, அவருக்குப் பின்னால் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்தைத் தாங்கியவர்கள் திருநெல்வேலிச் சபைகளின் விசுவாசிகள்; அவர்கள் அவரோடு தோர்ணக்கலுக்குப் போகவில்லை, ஆனால் போனவருக்குச் சகோதரராகவும் நிலமாகவும் இருந்தார்கள்.

இன்னொரு பலன், தன்னிடம் இருந்ததை விற்றவன் துக்கத்தோடு விற்கவில்லை என்பது. நிலத்தில் புதையலைக் கண்டவன் சந்தோஷத்தினாலே போய் விற்றான் (மத்தேயு 13:44). உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்ன ஐசுவரியவானாகிய வாலிபனோ ஒன்றையும் இழக்காமல் துக்கத்தோடு திரும்பிப் போனான். பத்திரத்தில் முழுத் தொகையை எழுதியவருக்கு வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் நெஞ்சு படபடக்காது. வரதட்சணை வாங்காத வீட்டில் மருமகள் தலைநிமிர்ந்து நடப்பாள். இவை சிறிய காரியங்களாகத் தோன்றினாலும், மறுமைக்கு முன்பே இம்மையில் கைக்கு வருகிறவை.

ஆகையால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், உங்களால் யாருக்கு நூறத்தனை கிடைக்கக்கூடும் என்று எழுதுங்கள். ஞானஸ்நானம் பெற்றதனால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட இளைஞர், சான்றிதழை இழந்ததனால் கல்லூரிக் கட்டணத்துக்குத் திணறும் குடும்பம், சாதி பாராமல் மணம் முடித்து இரு பக்கத்து உறவையும் இழந்த தம்பதி என்று உங்கள் சபையிலேயே பெயர்கள் இருக்கும். அறை இருந்தால் அறையைக் கொடுங்கள். அறை இல்லையென்றால், கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டில் அவர்களுக்கு இலை போட்டு, அடுத்த பருவத்துக் கட்டணத்தில் உங்களால் எவ்வளவு முடியும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.