பகலில் ஒளிந்துகொள்ளும் மீனுக்கு ஒரு தொட்டி: குஹ்லி லோச் வளர்ப்பு

குஹ்லி லோச் மீனை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: ஆறு மீன் வாங்கிவிட்டேன், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஒளிந்துகொள்ளும் மீனை வெளியே வரவழைப்பதற்காகத் தொட்டியிலுள்ள கற்களையும் செடிகளையும் குறைத்துவிடுவது பலரும் செய்யும் பிழை. மறைவிடம் குறைந்த தொட்டியில் இந்த மீன் அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் புகுந்துகொள்ள ஓரிடம் உண்டு என்று தெரிந்துகொண்ட மீன்தான் துணிந்து வெளியே உலவும். ஆகவே தொட்டியை அமைக்கும்போது நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பதைப் பின்னுக்குத் தள்ளி, மீன் எங்கே மறையும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் கொண்ட, பாம்புக்குட்டி போல் நெளியும் இந்த மீன், சுமார் 8 முதல் 10 செ.மீ. வரை வளரும். இதன் இனத்தார் தென்கிழக்கு ஆசியாவில், சருகு படிந்த மெதுவான ஓடைகளிலும் சதுப்புக் காடுகளிலும் வாழ்கின்றனர். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் அயிரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அயிரையை உயிரோடு வாங்கி, அது விழுங்கிய மண்ணைக் கக்குவதற்காகப் பாலிலோ உப்பு நீரிலோ விட்டவர்களுக்கு, மணலுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உள்ள உறவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நீளம் 60, அகலம் 30, உயரம் 30 செ.மீ. கொண்ட தொட்டி ஆறு மீன்களுக்குப் போதும். இவை கூட்டமாக வாழ்பவை. ஒன்றிரண்டாக வளர்த்தால் மேலும் கூச்சப்படும் என்பதால் ஐந்து, ஆறுக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. கணக்குப்படி இந்தத் தொட்டி 54 லிட்டர் கொள்ளும். மணலும் கட்டையும் போக 45 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து 60 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், மேடு பள்ளமில்லாத உறுதியான மேசையில், சன்னல் வெயில் படாத, கதவு அடிக்கடி திறந்து மூடாத மூலையில் வைக்கவும்.

அடுத்தது மணல், இந்தத் தொட்டியில் நான் மிகுந்த கவனம் கொள்ளச் சொல்வது இதைத்தான். கடைகளில் விற்கும் வண்ணக் கூழாங்கற்கள் இதற்கு ஆகா. மீசையால் மண்ணைத் துழாவி இரை தேடுவதும் ஆபத்து என்று தோன்றினால் தலை முதல் வால் வரை புதைந்துகொள்வதும் இந்த மீனின் இயல்பு. சொரசொரப்பான கற்கள் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்யப்படுவதால் அதன் மணிகளுக்குக் கூரிய விளிம்பு உண்டு; அதையும் தவிர்க்கவும். கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். உருண்டு தேய்ந்த நுண்மணலை, அலசும் தண்ணீர் தெளியும் வரை பத்துப் பன்னிரண்டு முறை அலசி, 4 அல்லது 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பவும்.

மணலின் மேல் ஊறவைத்த மரக்கட்டை, கவிழ்த்து வைத்த சிறு மண்சட்டியின் பாதி, விரல் நுழையும் அளவு குழாய்த் துண்டுகள் ஆகியவற்றை வைக்கலாம். ஒரு மறைவிடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியும் மறைவாகவே இருக்கும்படி, இடையிடையே ஜாவா மாஸ், கட்டையில் நூலால் கட்டிய ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகிய நீர்ச்செடிகளை அமைக்கவும். இவற்றுக்கு மங்கிய வெளிச்சமே போதும். நாட்டு வாதாம் மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த இலைகள் நாலைந்தைக் கழுவிப் போட்டால், தண்ணீர் தேநீர் நிறம் கொண்டு வெளிச்சமும் தணியும். இலைகளுக்கு அடியில் மீன்கள் குடிபுகும். விளக்கை ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம்.

ஃபில்டரில் ஸ்பாஞ்ச் வகையே இதற்கு உகந்தது. மோட்டார் வைத்த ஃபில்டர் இருந்தால் அதன் உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூடிவிடவும். நான் ஒருமுறை அதை மூடாமல் விட்டு, காணாமல்போன மீன் செத்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தேன்; மூன்று வாரம் கழித்து ஃபில்டரைக் கழுவத் திறந்தபோது உள்ளேயே கொழுத்துக் கிடந்தது. சிறு சந்து கிடைத்தாலும் நெளிந்து வெளியேறிவிடும் என்பதால், தொட்டியின் மூடியில் குழாயும் ஒயரும் செல்லும் சந்துகளைக்கூட அடைத்துவிட வேண்டும்.

தண்ணீர் ஊற்றியவுடன் மீனை விடுவது கூடாது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டரை ஓடவிட்டு, அன்றாடம் சிறிதளவு தீவனம் போட்டு, சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகக் காட்டும் வரை காத்திருக்கவும். குழாய்த் தண்ணீரானால் குளோரினை நீக்கும் ஆன்டி-குளோரின் திரவம் சேர்க்காமல் ஊற்றக் கூடாது. வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி வரை இருப்பது நல்லது. கோடையில் தொட்டியின் மேற்பரப்பில் படும்படி சிறு விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியாகும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது ஈடுசெய்யவும்.

சென்னைக்காரர்கள் வண்ணமீன் கடைகள் உள்ள கொளத்தூர் போன்ற இடங்களில் வாங்கும்போது, வயிறு ஒட்டாத, மீசை முழுதாக உள்ள மீன்களாகப் பார்த்து எடுக்கவும். இவற்றின் கண்ணுக்குக் கீழே நிமிரும் சிறு முள் ஒன்று வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், வலைக்குப் பதில் கிண்ணத்தால் மொண்டு மாற்றுவதே நல்லது. வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, பையைத் தொட்டி நீரில் அரைமணி மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் கலந்த பிறகே மீனை விடவும். துணைக்கு ஹார்லிக்வின் ராஸ்போரா போன்ற சாதுவான சிறு மீன்கள் இருக்கலாம். முரட்டு மீன்களான சிக்லிட் வகைகள் வேண்டாம்.

இரையை விளக்கணைத்து அரைமணி கழித்து, தினமும் ஒரே இடத்தில் போடவும். பகலில் போட்டால் மேலே நீந்தும் மீன்கள் தின்றுவிட, லோச் பட்டினி கிடக்கும். அடியில் மூழ்கும் சிறு தீவன உருண்டைகள் அன்றாடத்துக்கும், உறைந்த இரத்தப்புழு வாரம் இருமுறைக்கும் போதும்; காலையில் மிச்சம் கிடந்தால் மறுநாள் அளவைக் குறைக்கவும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அப்போது தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயை மணலுக்குள் குத்தாமல், மேலே தங்கிய கழிவை மட்டும் உறிஞ்சி எடுக்கவும், அடியில் யாராவது புதைந்திருக்கக்கூடும்.

நோய் வந்தால் மருந்துப் புட்டியில் எழுதிய அளவை அப்படியே ஊற்றிவிட வேண்டாம். இதன் செதில்கள் மிக நுண்ணியவை. செம்பு கலந்த மருந்துகளை இது தாங்காது. எதுவானாலும் பாதி அளவில் தொடங்குவது பத்திரம். ஆறில் இரண்டுதான் தெரிகிறது என்று எண்ணிக்கை சரிபார்க்கக் கட்டையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒரு முறை தூக்கினால் ஒரு வாரத்துப் பழக்கம் போய்விடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து வரும் வெளிச்சத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், இரை போடும் மூலைக்கு ஒவ்வொன்றாக வரும்போது எண்ணிக்கொள்ளலாம்.