ஓட்டுப் போடும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்காளர் அட்டை கையில் இருக்கும் தைரியத்தில் நேராக வரிசையில் போய் நிற்பவர்கள் எல்லாத் தேர்தலிலும் உண்டு. அட்டை அடையாளம் காட்ட மட்டும்தான். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் ஏதாவது ஒன்று போதும். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். விடுபட்டிருந்தால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8.

அடுத்தது, பெயரை மட்டும் பார்த்துப் பட்டனை அழுத்துவது. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் சிலர் சுயேச்சையாக நின்றார்கள், இனிஷியல் உட்பட! குழப்புவதற்கென்றே செய்யப்படும் இந்த வேலையில் முதலில் ஏமாறுவது கண்பார்வை மங்கிய வயதானவர்கள்தான். இயந்திரத்தில் பெயருக்குப் பக்கத்தில் வேட்பாளரின் படமும் சின்னமும் இருக்கும். மூன்றையும் சரிபார்த்து அழுத்துங்கள். பட்டனை அழுத்தியதும் கிளம்பிவிடாமல், பக்கத்தில் ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும் சீட்டில் நீங்கள் போட்ட சின்னம்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

'கை நீட்டி வாங்கிட்டோம், மாத்திப் போட்டா பாவம்' என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பணம் சிக்கியதால் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். குற்றமான பேரத்துக்கு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது பூத் ஏஜெண்டுக்குத் தெரியவும் வழியில்லை. வெளியே வருவது பூத்தின் மொத்தக் கணக்கு மட்டும்.

நோட்டா அதிகம் விழுந்தால் மறுதேர்தல் வரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அப்படி விதி இல்லை. 2024இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் மேல் விழுந்தது. வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, 'உங்க ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சு' என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவது. நீங்கள்தான் அந்த வாக்காளர் என்பதை நிரூபித்து, தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டு கேளுங்கள். வாக்குச்சீட்டில் முத்திரை குத்தச் சொல்லித் தனி உறையில் வைப்பார்கள். எண்ணும் நாளில் அதைச் சேர்க்கமாட்டார்கள். ஆனால் 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஒரே ஒரு ஓட்டில் முடிவான தேர்தல் வழக்காக மாறியபோது, விவாதம் இந்த டெண்டர் ஓட்டுகளைப் பற்றித்தான். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் தயங்கினால், விதி எண்ணைச் சொல்லி அங்கேயே நின்று கேளுங்கள்.