பள்ளியறைக் கதவு சாத்துகிற நேரம்

எனக்குக் கல்யாணமாகி 22 வருடம் ஆகிறது. மதுரை சிம்மக்கல்லில் வீடு, வீட்டிலேயே தையல். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரும் புதுப் பெண்கள் மெல்ல ஆரம்பிப்பார்கள். "அக்கா, நான் வெள்ளி செவ்வாய் விரதம் இருக்கேன், அவருக்கு முகம் தூக்கிக்குது." நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாள் இரண்டு பேருமாக மீனாட்சி கோயிலில் பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டம் நெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பாதி வேலை அங்கேயே முடிந்தது. சுந்தரேசுவரரின் திருவடி பல்லக்கில் ஏறி, நாதஸ்வரத்தோடு அம்மன் சன்னதிக்கு வரும். கவனியுங்கள், கிளம்பி வருகிறவர் சாமி. (மதுரையில் யார் ஆட்சி என்று நான் சொல்லத் தேவையில்லை.) பால் நைவேத்தியம், தீபாராதனை, அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். தாம்பத்தியத்துக்கும் பக்திக்கும் ஆகாது என்று யாராவது சொன்னால், அந்தக் கதவு நினைவுக்கு வரட்டும்.

வீட்டில் நாங்கள் செய்வது ரொம்பக் கொஞ்சம். ஒன்பதரைக்கு விளக்கின் முன் ஐந்து நிமிடம். நான் ஒரு பாட்டு, அவர் திருநீறு. ஒரு மணி நேரம் பூஜை நீட்டினால் ஒருத்தர் தூங்கிப் போவார், பெரும்பாலும் அவர்தான். பிறகு கைகால் கழுவி, ஆளுக்கு ஒரு டம்ளர் பால். பால் ஆறும்வரை ஸ்கூல் ஃபீஸ், மாமியார், கடன் மூன்றும் பேசக் கூடாது. முதல் வாரம் பேச ஒன்றுமே இல்லாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பரவாயில்லை, உட்காருங்கள். பத்தாம் நாளோ என்னவோ, அவர் சின்ன வயதில் வைகையில் நீந்தின கதையைச் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது.

விரத விஷயத்தில்தான் நான் அடிபட்டேன். ஒரு கார்த்திகையில் கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். முந்தின நாள் ராத்திரிகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. 41 நாளும் ஹாலில் பாய். சரி, சாமி காரியம் என்று இருந்தேன். மாலை கழற்றின பிறகும் பாய் உள்ளே வரவில்லை, தை பிறந்தும் வரவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "ஏங்க, விரதம் சபரிமலைக்கா, எனக்கா?" அவருக்குக் கடையில் நஷ்டம், சொல்ல வெட்கம். விரதத்துக்குள் ஒளிந்திருந்தார். அதிலிருந்து எந்த விரதமும் காலண்டரைப் பார்த்து இரண்டு பேரும் பேசித்தான். ஆரம்பிக்கும் நாளோடு முடியும் நாளையும் குறித்துக்கொள்கிறோம். நடுவில் ஒருத்தருக்கு மனமில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். அதற்குச் சாமியைச் சாக்குச் சொல்லவும் வேண்டாம்.

ஒருவருக்கு நம்பிக்கை இல்லையென்றால் விளக்கின் முன் இழுத்து வைக்காதீர்கள். பாலுக்கு மட்டும் கூப்பிடுங்கள். அடி, மிரட்டல், வற்புறுத்தல் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது எதுவும் பொருந்தாது. அங்கே பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்ய வேண்டும்.

சண்டைக்குத் திருவண்ணாமலைதான் எங்களுக்கு வழிகாட்டி. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல். அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி அன்று ராத்திரி வெளியே தங்கி, மறுநாள் கிரிவலம் போய்த் திரும்புவார். அப்புறம் மறுவூடல், சமாதானம். ஊடலுக்கு ஒரு தெருவே விட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு ராத்திரிதான் கணக்கு. எங்கள் வீட்டிலும் அதே கெடு. போன மாதம் கேஸ் சிலிண்டரை வைத்துப் பெரிய சண்டை. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் ஒன்பதரைக்கு அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவரே பால் ஆற்றிக்கொண்டிருந்தார், சர்க்கரை போட மறந்து.