முன் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிகிறதா?

பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் (60, 80 வரிசை) வைத்திருப்பவர்கள், முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உருண்டை நக்கிளை (சக்கரத்தைத் திருப்ப உதவும் மூட்டு) மாதம் ஒருமுறை பாருங்கள். லேசான கிரீஸ் பூச்சு இருந்தால் சரிதான். சொட்டுச் சொட்டாக வழிந்து டயரின் உட்பக்கம் நனைந்திருந்தால் கவனிக்க வேண்டும்.

கசிவை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். அந்த நெடியில்லாமல் தண்ணீர் போல இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அப்புறம் நக்கிளின் மேலுள்ள சதுரத் தலைத் திருகைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டு எடுங்கள். கெட்டியான கருப்புக் கிரீஸ் ஒட்டி வர வேண்டும். ரசம் போல ஓடினால், அச்சுக்குள் எண்ணெயைத் தடுக்கும் சீல் (ரப்பர் வளையம்) போய்விட்டது, டிஃப்ரன்ஷியல் (அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி) எண்ணெய் கிரீஸில் கலக்கிறது என்று பொருள். பலர் வெளியே தெரியும் துடைப்புச் சீலை மட்டும் மாற்றிவிட்டு ஏமாறுகிறார்கள். அது தூசியைத் தடுக்கத்தான்.

புதுச் சீல் போடும் முன் அச்சின் ப்ரீதரை (உள்ளிருக்கும் காற்று வெளியேறும் வழி) ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசிய வைக்கும். சீல் உரசும் இடத்தில் அச்சுத் தண்டை நகத்தால் வருடுங்கள்; பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் நிற்காது.